சீனியை விலக்கிய வீட்டுக் கெண்டி

பினாங்கு ஜாலான் பிந்தால் தாலியில் ஒரு பழஞ்சாமான் கடையில் போன மாதம் இந்த அமெரிக்க வெள்ளித் தேநீர்க் கெண்டியை வாங்கினேன். விலை 6,400 ரிங்கிட். லெபோ பாசாரில் மூன்று தலைமுறையாக நகை செய்கிற குடும்பம் எங்களுடையது. அதனால் கதை கேட்கும் முன்னே தராசில் வைத்துவிட்டேன்: 712 கிராம்.

அடியில் 'காயின்' என்று முத்திரை. ஆயிரத்துக்கு 900 பங்கு வெள்ளி. அந்த ஊர் நாணயத்தின் தரம். ஸ்டெர்லிங் தர வெள்ளி என்றால் 925. இங்கிலாந்துச் சாமானில் இருக்கும் சிங்க முத்திரையை இதில் தேடாதீர்கள். அமெரிக்கத் தட்டார்கள் பெரும்பாலும் தங்கள் பெயரைத்தான் அடித்தார்கள்.

பிடியின் இரண்டு முனையிலும் மெல்லிய தந்த வளையம். சூடு கைக்கு ஏறாமல் தடுக்க வைத்தது. கொதிக்கக் கொதிக்க ஊற்றிப் பார்த்தேன், பிடி சுடவில்லை. மூக்கு சொட்டவும் இல்லை. வெளிநாட்டுக்குக் கொண்டுபோக நினைப்பவர்கள் தந்தத்துக்கான அனுமதியை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

குறை மூடியின் கீலில். யாரோ ஈயப் பற்று வைத்திருக்கிறார்கள். அதன் மேல் நெருப்புக் காட்டினால் ஈயம் வெள்ளியை அரித்துக் குழி விழும். முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் வெள்ளிப் பற்று வைக்க முடியும். விற்கும்போது இதைச் சொல்லியிருக்க வேண்டும். திரும்பப் போய்க் காட்டியதும் 300 ரிங்கிட் குறைத்துக் கொடுத்தார்கள்.

ஆனால் நான் வாங்கியது கூட வந்த கடிதத்துக்காக. 1840களில் ஃபிலடெல்ஃபியாவில் குவேக்கர் என்ற கிறிஸ்துவப் பிரிவைச் சேர்ந்த ஒரு வீட்டம்மா தங்கைக்கு எழுதியது. அடிமைகள் உழைப்பில் வந்த சீனியை இந்த மேசையில் வைப்பதில்லை, விலை கூடினாலும் கூலி கொடுத்து விளைவித்த சீனிதான் என்கிறார். லுக்ரீஷியா மோட் போன்றவர்கள் 1833இல் அந்த ஊரில் அடிமை ஒழிப்புப் பெண்கள் சங்கம் தொடங்கியிருந்தார்கள். அடிமை உழைப்பில் வந்த சீனி, பருத்தி இரண்டையும் விலக்குவது அப்போது பல குவேக்கர் வீடுகளில் நோன்பு மாதிரி.

அந்த அம்மா கடிதம் எழுதிய அதே காலத்தில்தான் இங்கே பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையான செபராங் பிறையில் கரும்பு வெட்ட நம்மவர்களை ஒப்பந்தத்தில் இறக்கினார்கள். அந்த ஒப்பந்தமுறை 1910இல்தான் நின்றது. என் அம்மாவின் பாட்டனார் நிபோங் திபால் பக்கம் கரும்புத் தோட்டத்தில் கிடந்தவர். முதல் தேத்தண்ணியை அவர் படத்துக்கு முன்னால் வைத்தேன்.

இதே செட்டின் சீனிக் கிண்ணம் இன்னும் கடையில் இருக்கிறது, 2,900 ரிங்கிட். தீபாவளி வரை எனக்காக எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன்.