ஹாஸ்கெல்லில் நிரப்பு வாசகம்: ஐஓ வழியும் விதை எண் வழியும்

பக்க வடிவமைப்பைச் சோதிக்க, ஒரு சொற்பட்டியலிலிருந்து சமவாய்ப்பு முறையில் சொற்களை எடுத்துப் பத்திகளாக அடுக்கி நிரப்பு வாசகம் தரும் நிரலை ஹாஸ்கெல் என்ற நிரலாக்க மொழியில் எழுத முனைவோர், ஒரே உள்ளீட்டுக்கு ஒரு சார்பு எப்போதும் ஒரே விடையையே தரும் என்ற அம்மொழியின் அடிப்படை விதியில் முதலில் முட்டிக்கொள்கிறார்கள். இதைக் கடக்க இரண்டு வழிகள் பெரிதும் கையாளப்படுகின்றன.

முதலாவது, ஐஓ (உள்ளீடு-வெளியீடு) வகைச் செயலான ‘ராண்டம்ஆர்ஐஓ’ (randomRIO). சொல் தேவைப்படும்போதெல்லாம் நிரல் முழுமைக்கும் பொதுவான எண் உருவாக்கியிடம் ஓர் எண்ணைக் கேட்டுப் பெறலாம். எழுதுவதற்கு எளிது, ஆனால் நீண்ட சொல்லொன்று கட்டத்தை மீறி வழிந்த பத்தியை மறுமுறை வரவழைக்க முடியாது. பொது உருவாக்கியின் விதை எண்ணை, அதாவது எண் வரிசையைத் தொடங்கிவைக்கும் எண்ணை, நிலைநிறுத்தினாலும், நிரலின் வேறொரு மூலையில் ஓர் எண் கூடுதலாக எடுக்கப்பட்டால் அதன் பின் வரும் சொற்களெல்லாம் இடம் மாறிவிடும்.

இரண்டாவது வழியில், ‘எம்கேஎஸ்டிடிஜென் 42’ (mkStdGen 42) என்று விதையை நாமே தந்து உருவாக்கியை அமைத்து, ‘ராண்டம்ஆர்எஸ்’ (randomRs) கொண்டு முடிவிலா எண் வரிசையைப் பெற்று, அதைச் சொற்களாக மாற்றி, வேண்டிய 50 சொற்களை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். ஒரே விதை, ஒரே வாசகம். நூலகப் பதிப்பு மட்டும் மாறாதிருக்க வேண்டும்: 2020இல் வெளியான ராண்டம் நூலகத்தின் 1.2 பதிப்பு, ஸ்பிளிட்மிக்ஸ் என்ற எண் உருவாக்கும் முறைக்கு மாறியதால், பழைய விதைகள் வேறு எண்களைத் தரத் தொடங்கின.

இங்கே புதியவர்கள் தவறாமல் விழும் குழி ஒன்று உண்டு. ஒரே உருவாக்கியை ஒவ்வொரு பத்திக்கும் கொடுத்தால் எல்லாப் பத்திகளும் அதே சொற்களோடு ஒன்றுபோலவே வரும். நிலையை ஒரு படியிலிருந்து அடுத்ததற்குக் கொண்டுசெல்லும் ஸ்டேட் மோனாட் மூலம் உருவாக்கியைப் பத்திக்குப் பத்தி கைமாற்றலாம்; ஆயினும் மூன்றாம் பத்தியை நீட்டினால் நான்காவதும் மாறிவிடும். ஓர் உருவாக்கியை இரண்டாக்கும் ‘ஸ்பிளிட்’ (split) கொண்டு பத்திக்கு ஓர் உருவாக்கியைப் பிரித்துக் கொடுத்தால் ஒன்றின் மாற்றம் மற்றொன்றைத் தொடாது. ஆகவே நான் இதையே பரிந்துரைக்கிறேன்.

பட்டியலில் குறிப்பிட்ட இடத்து உறுப்பை எடுக்கும் ‘!!’ குறியீடு முதல் உறுப்பிலிருந்து எண்ணிச் செல்வதால், பெரிய அகராதிக் கோப்புக்கு எந்த உறுப்பையும் நேரடியாக எட்டும் வெக்டரே ஏற்றது. இது இரு வழிகளுக்கும் பொது.

20 சொற்களே கொண்ட பட்டியலில், 50 சொல் பத்தி ஒன்றில் அடுத்தடுத்து ஒரே சொல் வருவது சராசரியாக 2.45 இடங்களில் நிகழும். ஐஓ வழியில் முந்தைய சொல்லை நினைவில் வைக்கத் தனி ஏற்பாடு வேண்டும். முடிவிலா வரிசையிலோ, அடுத்தடுத்து வரும் ஒரே சொற்களைக் குழுவாக்கும் ‘குரூப்’ (group) செய்து ஒவ்வொரு குழுவின் தலைச்சொல்லை எடுத்தாலே போதும். பட்டியலில் ஒரே ஒரு சொல் இருந்தால் மட்டும், இரண்டாம் சொல்லைத் தேடி நிரல் முடிவின்றி ஓடிக்கொண்டிருக்கும்; எனவே குறைந்தது இரண்டு வெவ்வேறு சொற்கள் உள்ளனவா என்பதைத் தொடக்கத்திலேயே சரிபார்த்துவிட வேண்டும்.