இறந்தவர் வாசிக்க, குழு உடன் ஓட: ஒரு கெர்ஷ்வின் இசைத்தட்டு

அமெரிக்க இசையமைப்பாளர் ஜார்ஜ் கெர்ஷ்வின் 1937இல் காலமானார். பியானோவுக்கும் இசைக்குழுவுக்குமாக அவர் எழுதிய ‘ராப்சடி இன் ப்ளூ’வை 1976இல் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட இசைத்தட்டில் பியானோ வாசிப்பவரும் அவரே. 1925இல் அவருடைய வாசிப்பைத் துளைகளாகப் பதிந்துவைத்த தாள்சுருளைத் தானியங்கிப் பியானோவில் ஓடவிட்டு, அதனுடன் இணைந்து வாசிக்கும்படி கொலம்பியா ஜாஸ் பேண்டை மைக்கேல் டில்சன் தாமஸ் நடத்தியிருக்கிறார். வெறும் வித்தை என்று ஒதுக்கத் தோன்றலாம். ஆனால் இந்தப் படைப்பு எந்த மாதிரி இசையாகப் பிறந்தது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறொரு ஸ்டீரியோ பதிவை நான் கேட்டதில்லை.

அது பிறந்தது சிம்பொனிக் குழுவுக்காக அன்று. ஜாஸைக் கச்சேரி அரங்குக்கு உரிய இசையாக நிலைநாட்ட விரும்பிய நடன இசைக்குழுத் தலைவர் பால் வைட்மேன், 1924 பிப்ரவரி 12 அன்று நியூயார்க் ஏயோலியன் ஹாலில் நடத்திய நிகழ்ச்சிக்காக, பிராட்வே பாடல்களால் பெயர் பெற்றிருந்த 25 வயது கெர்ஷ்வின் அதைச் சில வாரங்களில் எழுதிக் கொடுத்தார். எந்தக் கருவி எதை வாசிப்பது என்று பிரித்து எழுதியவர், வைட்மேன் குழுவின் ஃபெர்டி குரோஃபே. (வைட்மேனை ‘ஜாஸ் மன்னர்’ என்று விளம்பரப்படுத்தியதைப் பற்றி ஒரு வார்த்தை: அவருடைய குழுவில் ஒரு கறுப்பினக் கலைஞர்கூட இல்லை; அதே ஆண்டு அதே நகரில் ஃப்ளெட்சர் ஹெண்டர்சனின் கறுப்பினக் குழுவில் டிரம்பெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் வாசிக்கத் தொடங்கியிருந்தார்.) இன்று நாம் வழக்கமாகக் கேட்பது, குரோஃபே பின்னர் முழு சிம்பொனிக் குழுவுக்காக விரித்தெழுதி 1942இல் வெளிவந்த வடிவம். டில்சன் தாமஸ் அதைத் தள்ளிவைத்துவிட்டு, எட்டு வயலின்கள், சாக்ஸபோன்கள், பான்ஜோ என்று அமைந்த முதல் வடிவத்துக்கே திரும்புகிறார்.

வித்தியாசம் உடனே காதில் விழுகிறது. சிம்பொனி வடிவத்தில் வயலின்களும் செல்லோக்களும் மெத்தையாகத் தாங்கும் இடங்களில், இங்கே பித்தளைக் கருவிகளின் வெட்டும் பான்ஜோவின் நறுநறுப்பும் தனித்தனியே கேட்கின்றன. பிறகு வரும் அந்தப் புகழ்பெற்ற நிதான மெட்டுகூட, திரைப்படக் காதல் காட்சியின் கனத்தை இழந்து, நடன அரங்கில் இரவு முற்றியபின் வாசிக்கும் பாட்டின் இயல்பைப் பெறுகிறது. இழப்பு என்று இதைச் சொல்லமாட்டேன்.

குறை பியானோவில்தான் இருக்கிறது. 1925 சுருளில் தன் பகுதியோடு குழுவின் பகுதியையும் கெர்ஷ்வினே வாசித்திருந்ததால், குழுவுக்குரிய துளைகளை ஒட்டி மூடிவிட்டு, தனி வாசிப்பை மட்டும் ஒலிக்கவிட்டார்கள். அது ஓடுகிற ஓட்டம் மூச்சுமுட்ட வைக்கிறது: இசைநடத்துநரும் பியானோ கலைஞருமான லியோனார்டு பெர்ன்ஸ்டைன் 1959 பதிவில் 16 நிமிடங்களுக்கு மேல் எடுத்துக்கொள்ளும் படைப்பு இங்கே 14 நிமிடங்களுக்குள் முடிந்துவிடுகிறது. சுருளின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடியும் என்பதால், இது கெர்ஷ்வினின் வேகம்தானா என்ற சந்தேகம் எழலாம். ஆனால் கெர்ஷ்வின் நேரடியாக வாசித்த 1924 பதிவிலும் இதே துடுக்கைக் கேட்கிறோம். என்னை உறுத்துவது வேகம் அன்று. பக்கவாத்தியக்காரர்களை ஒருமுறையும் ஏறிட்டுப் பார்க்காத பாடகரைப் போல, இந்தப் பியானோ யாருக்காகவும் ஒரு கணம் தாமதிப்பதில்லை. குழு அசாத்தியத் திறமையுடன் ஈடுகொடுக்கிறது என்றாலும், சில இணைப்புகளில் அது துரத்திப் பிடிப்பது தெரிகிறது.

ஆகவே இதை வாங்குவோர், வைட்மேன் குழு 1924 ஜூனில் விக்டர் நிறுவனத்துக்காகப் பதிந்ததையும் அவசியம் கேட்க வேண்டும். மைக்ரோஃபோன் வருவதற்கு முன், ஒலியைத் திரட்டும் புனலின் முன்னே நின்று வாசித்த பதிவு அது, ஒரு தட்டின் இரு பக்கங்களுக்குள் அடங்குவதற்காக ஏறக்குறைய 9 நிமிடங்களாக வெட்டப்பட்டது, ஒலியும் தகரம்தான். ஆனால் தொடக்கத்தில் கிளாரினெட் வாசிக்கும் ராஸ் கோர்மன் இருக்கிறாரே! கெர்ஷ்வின் ஸ்வரவரிசையாக எழுதியிருந்ததை ஒத்திகையில் விளையாட்டாக வழுக்கி ஏற்றிக் காட்டியவர் அவர். அது பிடித்துப்போய் அப்படியே வைத்துக்கொள்ளும்படி கெர்ஷ்வின் சொன்னார். அந்தக் குறும்பு 1924 பதிவில் சிரிப்பாகவே கேட்கிறது. 1976 தட்டில் அதே வழுக்கல் சுத்தமாகவும் அழகாகவும் வருகிறது, சிரிப்பு குறைவு.

1976 தட்டின் மறுபக்கத்தில் உள்ள கெர்ஷ்வினின் ‘அன் அமெரிக்கன் இன் பாரிஸ்’ படைப்பை, 1928இல் அதை அரங்கேற்றிய நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கே வாசித்திருக்கிறது. நல்ல வாசிப்பு, அந்த இசையில் இடம்பெறும் டாக்சி ஹாரன்கள் கச்சிதமாக ஒலிக்கின்றன, அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. காசு கொடுப்பது முதல் பக்கத்துக்காகத்தான். சிம்பொனி வடிவத்தை மட்டுமே கேட்டுப் பழகியவர்கள் முதலில் இதில் ஒரு வறட்சியை உணரக்கூடும் என்பதால், இரண்டு மூன்று முறையாவது முழுமையாகக் கேட்டபின் முடிவு செய்வது நல்லது.