ஆறு ஆண்டுகளாக என்னிடம் இருக்கும் எஃப்.பி.ஜி.ஏ. போர்டு

காரைக்குடியில் சென்ற வாரம் ஒரே மாலையில் நான்கு முறை மின்சாரம் போய் வந்ததில், எங்கள் வீட்டு மேல்மாடியில் ஆறு ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் எஃப்.பி.ஜி.ஏ. (உள்சுற்றை நாமே எழுதி மாற்றக்கூடிய சில்லு) போர்டிலிருந்த ஃபிளாஷ் நினைவகம் பழுதானது. அதை மாற்றி முடித்த அன்றே, மாணவர்களோடு சேர்ந்து சிறு செயற்கைக்கோளுக்கான வானியல் கருவியை வடிவமைக்கும் நண்பர் அழைத்தார். "அண்ணே, சிக்னல் பிராசஸிங்குக்கு எந்தச் சில்லை எடுக்கலாம்?" என்று கேட்டார்.

என் போர்டில் இருப்பது, சுற்றின் வடிவமைப்பை எஸ்ரேம் என்னும் நினைவகத்தில் வைத்திருக்கும் வகைச் சில்லு. பால்வீதியின் ஹைட்ரஜன் 1420.4 மெகாஹெர்ட்ஸில் உமிழும் ரேடியோ அலையைச் சுற்றி 10 மெகாஹெர்ட்ஸ் பட்டையை எடுத்து 4096 தடங்களாகப் பிரித்துத் தருகிறது. ஒரு தடத்தின் அகலம், அந்த வாயு நம்மை நெருங்கும் அல்லது விலகும் வேகத்தில் நொடிக்கு ஏறத்தாழ அரை கிலோமீட்டர். முதல் ஆண்டில் வடிப்பானில் நான் செய்த பிழையை ஒரே இரவில் திருத்தி, அதே சில்லில் மீண்டும் ஏற்றினேன். மின்சாரம் குறைவாகக் குடிக்கும், ஒரே வேலைக்கென்று வார்க்கப்படும் ஏசிக் (ASIC) சில்லாக இருந்திருந்தால், அந்தப் பிழைக்காகப் புதிய சில்லையே வார்த்திருக்க வேண்டும். பெருக்கல் அலகுகள் தாராளமாக உள்ள இதைப் போன்ற உழைப்பாளியை நான் கண்டதில்லை.

ஆனால் மின்சாரம் போனால் இது தன் வடிவமைப்பையே மறந்துவிடுகிறது. பக்கத்திலுள்ள ஃபிளாஷ் நினைவகத்திலிருந்து ஒவ்வொரு முறையும் புதிதாகப் படித்துக்கொள்ள வேண்டும். தரையில் இது எரிச்சல் மட்டுமே. விண்வெளியிலோ, அதே எஸ்ரேம் பிட்டுகளில் ஒன்றை ஓர் ஆற்றல்மிகு துகள் புரட்டிவிட்டால், தரவு மட்டுமன்றிச் சுற்றே மாறிவிடுகிறது. ஒரே சுற்றை மும்மடங்காக அமைத்து, பெரும்பான்மை தரும் விடையை எடுத்துக்கொள்ளலாம். வடிவமைப்பை இடைவிடாமல் சரிபார்த்துத் திருத்தலாம். இரண்டும் இடத்தையும் மின்சாரத்தையும் தின்னும். ஹெர்ஷல் விண்தொலைநோக்கியின் ஹைஃபை கருவி 2009 ஆகஸ்டில் நின்றதற்கும், ஒரு காஸ்மிக் கதிர் நுண்கட்டுப்படுத்தியின் நினைவகத்தைத் தாக்கியதே தொடக்கமாக இருக்கக்கூடும் என்று ஆய்ந்தவர்கள் கண்டனர். மாற்று அமைப்பின் வழியே அது மீண்டு வர 2010 ஜனவரி ஆயிற்று.

வடிவமைப்பை ஒருமுறை பதித்தால் மாற்ற முடியாத ஆன்டிஃபியூஸ் வகை, முதன்முறையாகக் கருவி செய்யும் மாணவர்களுக்குப் பொருந்தாது. வடிவமைப்பைச் சில்லுக்குள்ளேயே ஃபிளாஷ் நினைவகத்தில் வைக்கும் ஃபிளாஷ் வகையில் அது எளிதில் புரளாது, மாற்றியும் எழுதலாம். கணக்கின் நடுவே தரவைத் தாங்கும் ரெஜிஸ்டர்களுக்கு அதிலும் பாதுகாப்பு வேண்டும், கதிர்வீச்சு சேரச் சேர அதுவும் தேயும்.

இத்தனை புகழ்ந்த என் போர்டை அவருக்கு நான் சொல்லவில்லை. ஃபிளாஷ் வகையையே எடுக்கச் சொன்னேன். 4096 தடங்கள் அதில் அடங்காவிட்டால் 1024 போதும் என்றேன்.