அண்ணா நகர் உளவியல் வகுப்பு: தாராளமாகச் சேரலாம்

மதுரை அண்ணா நகரில் ஞாயிறு காலை நடக்கும் வகுப்பு இது. ஆணுக்கு உள்ள உறுப்பு தனக்கில்லையே என்ற பொறாமையில்தான் பெண்மை உருவாகிறது என்று ஆழ்மனத்தை ஆராய்ந்த ஃபிராய்ட் சொன்னதையும், அந்த ஏக்கமே சமூகம் ஆண்களுக்குக் கொடுத்த சலுகைகளால் வருவது என்று மனநல மருத்துவர் கேரன் ஹார்னி 1920களிலேயே மறுத்ததையும் சேர்த்தே படிக்க வைக்கிறார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அமெரிக்க உளவியலாளர் லீட்டா ஹாலிங்வொர்த் பற்றிய பகுதி. மாதவிடாய் நாட்களில் பெண்களின் கையும் மூளையும் தடுமாறும் என்று அப்போது பலரும் அடித்துச் சொன்னதை, அவர் தினமும் விரல் தட்டும் வேகம், கை நடுக்கம் என்று அளந்து பார்த்து, அப்படி ஒன்றும் இல்லை என்று 1914ல் காட்டிவிட்டார். மகளோடு வந்திருந்த பூக்கட்டும் அக்கா, "அந்த நாள்லயும் விடியக்காலையில மாட்டுத்தாவணி போயி மல்லி வாங்கியாந்து கட்டுறேன் சார், கை எங்க நடுங்குது?" என்றார்.

இன்றைய ஆய்வுகளுக்குத்தான் நேரம் போதவில்லை, அதைக் கூட்டியே ஆகவேண்டும்.