மயில் மேன்டிஸ் என்று சொல்லி ₹8,500 வாங்கிவிட்டு அனுப்பியது கோழித்தீவன இறால்!

உப்புத் தண்ணீர் தொட்டி வைத்திருப்பவர்களே, மேன்டிஸ் இறால் (முன்காலால் அடித்தோ குத்தியோ இரை பிடிக்கிற கடல் உயிரி) தேடிக்கொண்டிருந்தால் இதைப் படித்துவிட்டுப் பணம் அனுப்புங்கள். கோபத்தில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருக்கும்.

ஆள் சமூக வலைத்தளத்தில் கடல் மீன் விற்பவர். கடை கிடையாது, வெறும் பக்கம்தான். பெயரைப் போடவில்லை, போட்டால் நாளைக்கே வேறு பெயரில் வந்துவிடுவார்.

எப்படி நம்பினேன் என்று கேட்பீர்கள். முதலில் கேட்டபோது அவர் விற்கவே இல்லை! "கண்ணாடித் தொட்டியாண்ணா? வேண்டாம்ணா, பீகாக் அடிச்சா விரிசல் விட்டுடும். அக்ரிலிக் போட்டுட்டுச் சொல்லுங்க, பீஸ் எங்கயும் போகாது" என்றார். பேச்சில் தப்பே இல்லை. மயில் மேன்டிஸ் நொடிக்கு 20 மீட்டருக்கு மேல் வேகத்தில் குத்தும். நண்டு ஓடு, சங்கு எல்லாம் உடைந்துபோகும். விற்கிறவரே இப்போது வாங்காதே என்றால் யாருக்குத்தான் நம்பிக்கை வராது? அக்ரிலிக் தொட்டி வந்தது. உப்புத் தண்ணீரின் ஒப்படர்த்தி 1.025, தண்ணீரைக் குளிர்விக்கிற சில்லர் போட்டு 26 டிகிரி, ஒளிந்துகொள்ள பிவிசி குழாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுச் சரிபார்த்தார். பிறகு ஒரு வீடியோ. பச்சை உடம்பு, ஆரஞ்சுக் கால்கள், முன்பக்கம் சிறுத்தைப் புள்ளி. "இதேதான்ணா உங்களுக்கு." ₹8,500 மொத்தமாக ஜிபே செய்தேன்.

பார்சல் பஸ்ஸில் வந்த தெர்மாகோல் பெட்டியைத் திறந்தால் உள்ளே மண் நிறத்தில் ஒன்று ஒருக்களித்துக் கிடக்கிறது. மயில் மேன்டிஸின் அடிக்கும் காலில் மடிப்பு உருண்டு தடித்த முட்டி போல இருக்கும். இதற்கோ சீப்புப் பல் மாதிரி வரிசையாக முள். மீனைக் குத்திப் பிடிக்கிற வகை, வேறு குடும்பம். ஒரு பக்கத்து முள்கால் பாதியில் ஒடிந்திருந்தது, இழுவலையில் அடிபட்டதுதான். காசிமேட்டில் இதைக் கழிவு மீனோடு அள்ளிக் காயவைத்துக் கோழித்தீவனத்துக்கு அனுப்புவார்கள். அதற்குத்தான் ₹8,500.

உடனே போட்டோ அனுப்பினேன். "டிராவல் ஸ்ட்ரெஸ்ணா, அடுத்த தடவை தோல் உரிச்சா கலர் வந்துடும்." கலர் வரட்டும், தோல் உரித்தால் முள்ளு முட்டி ஆகிவிடுமா? அதற்குப் பதில் இல்லை. விடிவதற்குள் அது செத்துவிட்டது. அதைச் சொன்னதும், "அம்மோனியா செக் பண்ணீங்களாண்ணா?" பண்ணினேன், தண்ணீரில் சுழியம். டெஸ்ட் கிட் போட்டோவும் அனுப்பினேன். "அன்பாக்சிங் வீடியோ கட் இல்லாம இருக்கா?" அதுவும் இருந்தது, அனுப்பினேன். "ஓனர்கிட்ட கேட்டுச் சொல்றேன்." அதுவரை ஓனர் என்று ஒருவர் இருப்பதாகவே பேச்சில்லை! ஓனர் ஊரில் இல்லை, ஓனர் வீட்டில் விசேஷம், ஓனர் போன் ரிப்பேர். கடைசியில் என்னை பிளாக் பண்ணியாயிற்று. ₹8,500 போனது போனதுதான். அதே வீடியோ இன்று காலையும் அந்தப் பக்கத்தில் ஓடுகிறது.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். வீடியோ கேட்டால் உங்கள் பெயரையும் அன்றைய தேதியையும் ஒரு தாளில் எழுதித் தொட்டி பக்கத்தில் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். அடிக்கிற காலைக் கிட்டத்தில் காட்டச் சொல்லுங்கள். தடித்த முட்டி இல்லாமல் சீப்பு மாதிரி நீள முள் வரிசை தெரிந்தால் அது மயில் கிடையாது. முழுப் பணம் முன்கூட்டியே வேண்டவே வேண்டாம். முடிந்தால் சென்னை கொளத்தூர் வண்ண மீன் சந்தை மாதிரி இடத்தில் நேரில் பார்த்து, அது ஒரு நண்டையாவது அடித்துத் தின்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஏற்கெனவே இதே வீடியோவுக்குப் பணம் கட்டியிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு போன் அடியுங்கள், அவரோடு பேசிய சாட் மெசேஜ்களை அழித்துவிடாதீர்கள்.