'டிஸ்க் போச்சு' என்று சொல்லி உபுண்டுவை அழித்துவிட்டு ரெக்கவரி பில் போடுகிறார்கள்

விண்டோஸ் லேப்டாப், அதில் டபிள்யூஎஸ்எல்2 (விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் ஓட்டும் வசதி) வழியாக உபுண்டு என்ற லினக்ஸ். ஒரு நாள் எதைச் சேமித்தாலும் 'ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்' (படிக்கலாம், எழுத முடியாது) என்ற பிழை. சர்வீஸ் கடையில் முதலில் "எஸ்எஸ்டி போச்சு, மாத்தியே ஆகணும்" என்றார்கள். வேண்டாம் என்றதும் பில்லில் இரண்டு வரி: டிஸ்க் ரிப்பேர், டேட்டா ரெக்கவரி. லேப்டாப் திரும்பி வந்தபோது உபுண்டு அழகாகத் திறந்தது, ஹோம் ஃபோல்டர் மட்டும் காலி. "கரப்ட் ஆனது அவ்வளவுதான் சார்."

நடந்தது ரிப்பேர் இல்லை. 'டபிள்யூஎஸ்எல் --அன்ரிஜிஸ்டர் உபுண்டு' என்று ஒரு கட்டளை, அடுத்து புதிதாக இன்ஸ்டால். அன்ரிஜிஸ்டர் கொடுத்தால் லினக்ஸ் முழுவதும் அடங்கிய எக்ஸ்ட்4.விஹெச்டிஎக்ஸ் கோப்பே அழிந்துவிடும், ரீசைக்கிள் பின்னுக்கும் வராது. எஸ்எஸ்டியில் ட்ரிம் (அழித்த இடத்தைக் காலியாக்கும் வேலை) வேறு ஓடும் என்பதால் அதற்குமேல் மீட்கவும் அநேகமாக வழியில்லை.

செய்தது எது என்று கண்டுபிடிக்க முடியும். உபுண்டுவுக்குள் 'டிஎஃப் /' கொடுத்து ரூட் (உபுண்டு இருக்கும் டிஸ்க்) எந்த டிவைஸ் என்று பாருங்கள். பிறகு 'சூடோ டம்ப்இ2எஃப்எஸ் -ஹெச் /டெவ்/எஸ்டிசி' (எஸ்டிசி என்ற இடத்தில் உங்களுடையது). அதில் 'ஃபைல்சிஸ்டம் கிரியேட்டட்' பழைய தேதியாகவும் 'லாஸ்ட் செக்ட்' கடையில் இருந்த நாளாகவும் இருந்தால் உண்மையிலேயே சரிசெய்திருக்கிறார்கள். இரண்டுமே கடையில் இருந்த நாளைக் காட்டினால் அது புது டிஸ்க். டார் கோப்பாக (எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கட்டும் வடிவம்) எடுத்துத் திரும்ப இம்போர்ட் செய்திருந்தாலும் புதுத் தேதிதான் வரும், ஆனால் அப்போது உங்கள் கோப்புகள் பழைய தேதிகளோடு உள்ளே இருக்கும். காலி ஹோம் ஃபோல்டருக்கு அந்தச் சாக்கு செல்லாது.

இந்தப் பிழைக்கு எஸ்எஸ்டி சாவது ஒரு காரணம்தான். சாதாரணமாக வரும் இன்னொரு காரணம் சி டிரைவ் நிரம்பியது. விஹெச்டிஎக்ஸ் தேவைக்கேற்ப வளரும் கோப்பு. புது டபிள்யூஎஸ்எல்லில் அதன் உச்சவரம்பு 1 டிபி. அதனால் உள்ளே 'டிஎஃப் -ஹெச்' கொடுத்தால் நூற்றுக்கணக்கான ஜிபி காலி என்று காட்டும், வெளியே சி டிரைவில் 200 எம்பிகூட இருக்காது. கோப்பு வளர முடியாமல் எழுதுவது தோற்கும், எக்ஸ்ட்4 (லினக்ஸின் ஃபைல் சிஸ்டம்) தன் ஜர்னலை (மாற்றங்களை முன்கூட்டி எழுதிவைக்கும் பதிவேடு) நிறுத்திவிட்டு ரீட்-ஒன்லிக்குப் போய்விடும். தரவைக் காக்கத்தான் அப்படிச் செய்கிறது. 'ரீமவுண்ட், ஆர்டபிள்யூ' என்று முட்டிப் பார்ப்பதால் பயனில்லை, ஜர்னல் நின்றபின் கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அதை ஏற்காது.

'டிஎம்இஎஸ்ஜி' (கர்னல் செய்திகளைக் காட்டும் கட்டளை) கொடுத்தால் தெரியும் ஐ/ஓ எரர் இரண்டு காரணத்துக்கும் ஒன்றுபோலவே இருக்கும், அதைக் காட்டி எஸ்எஸ்டி விற்க வந்தால் நம்பாதீர்கள். விண்டோஸ் ஈவன்ட் வியூவரில் சிஸ்டம் பதிவுகளில் 'டிஸ்க்' என்ற மூலத்திலிருந்து ஈவன்ட் 7 வந்திருக்கிறதா பாருங்கள். அதுதான் பேட் பிளாக் (டிஸ்கில் கெட்டுப்போன பகுதி). பவர்ஷெல்லில் 'கெட்-ஃபிசிக்கல்டிஸ்க்' கொடுத்து ஹெல்த் நிலையையும் பாருங்கள். இரண்டும் சுத்தம், சி டிரைவ் மட்டும் நிரம்பி வழிகிறது என்றால் எஸ்எஸ்டி மாற்ற வேண்டியதே இல்லை.

இனி சரிசெய்யும் முறை. ரீட்-ஒன்லி நிலையிலும் படிக்க முடியும் என்பதால், விண்டோஸை மூடுவதற்கு முன்பே முக்கியமான ஃபோல்டர்களை '/எம்என்டி/டி' போன்ற வேறு டிரைவுக்கு டார் செய்துவிடுங்கள். அடுத்து சி டிரைவில் இடம் உண்டாக்கி, 'டபிள்யூஎஸ்எல் --ஷட்டவுன்' கொடுத்து, விஹெச்டிஎக்ஸ் கோப்பை வெளி டிரைவுக்கு அப்படியே நகலெடுங்கள். இந்த நகல் இல்லாமல் அடுத்த படிக்குப் போகவே கூடாது, ஏனென்றால் அதில் ஓட்டும் எஃப்எஸ்சிகே (ஃபைல் சிஸ்டத்தைச் சோதித்துச் சரிசெய்யும் கருவி) டிஸ்கில் எழுதும்.

மவுண்ட் ஆகியிருக்கும் (பயன்பாட்டில் உள்ள) ரூட் மேலேயே எஃப்எஸ்சிகே ஓட்டுவதுதான் கடைகளில் பார்க்கும் அடுத்த கொடுமை. கொஞ்சம் கெட்டிருந்ததை முழுதாகக் கெடுக்கும் வழி அது. டெபியன் போல இரண்டாவது டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை) ஒன்றை நிறுவிக்கொள்ளுங்கள். அட்மின் பவர்ஷெல்லில் 'டபிள்யூஎஸ்எல் -டி டெபியன் எல்எஸ்பிஎல்கே' கொடுத்து டிஸ்க் பட்டியலைக் குறித்துக்கொண்டு, 'டபிள்யூஎஸ்எல் --மவுண்ட் கோப்பின்-பாதை --விஹெச்டி --பேர்' கொடுங்கள். மறுபடி எல்எஸ்பிஎல்கே பாருங்கள்: புதிதாக முளைத்த எழுத்துதான் உங்கள் டிஸ்க். அளவை வைத்து ஊகிக்காதீர்கள், இரண்டுமே 1 டிபி என்று காட்டக்கூடும். '-டி டெபியன்' என்பதை மறந்தால் டீஃபால்ட்டான பழைய உபுண்டு கிளம்பி, அதே கோப்பைப் பிடித்துக்கொள்ளும்.

டெபியனுக்குள் முதலில் 'இ2எஃப்எஸ்சிகே -என்' (எக்ஸ்ட்4-க்கான எஃப்எஸ்சிகே), கூடவே அந்த டிஸ்கின் பெயர்; இது பார்ப்பதற்கு மட்டும். ஜர்னலை ஓட்டாமல் பார்ப்பதால் பிழைகள் கூடுதலாகவே தெரியும், பயப்பட வேண்டாம். பிறகு '-என்'னுக்குப் பதில் '-எஃப்', இது சரிசெய்யும். முடிந்ததும் 'எக்கோ $?': 1 என்றால் பிழைகள் சரியாயின, 4 என்றால் மிச்சம் இருக்கிறது, 8 என்றால் கட்டளை ஓடுவதிலேயே கோளாறு. 0 வரும்வரை திரும்ப ஓட்டுங்கள். சூப்பர்பிளாக் (ஃபைல் சிஸ்டத்தின் அடிப்படை விவரங்கள் இருக்கும் பகுதி) படிக்கவில்லை என்று சொன்னால் '-பி (b) 32768' சேருங்கள். 4 கேபி பிளாக்குக்கு முதல் மாற்றுப் பிரதி அங்கே இருக்கும், அடுத்தது 98304-இல். மாற்றுப் பிரதி எங்கே என்று பார்க்க 'எம்கேஇ2எஃப்எஸ் -என்' ஓட்டச் சொல்லும் குறிப்புகள் உண்டு. அதில் '-என்' விட்டுப்போனால் டிஸ்க் ஃபார்மேட் ஆகும், பழகாதவர்கள் தொடாதீர்கள்.

பெயரிழந்த கோப்புகள் 'லாஸ்ட்+ஃபவுண்ட்'டில் #எண் வடிவில் கிடக்கும், 'ஃபைல்' கட்டளையால் எது என்ன வகை என்று பிரிக்கலாம். எல்லாம் முடிந்தபின் 'டபிள்யூஎஸ்எல் --அன்மவுண்ட்', பிறகு உபுண்டுவைத் திறக்கலாம்.

இதெல்லாம் முடியாது, கடைக்குத்தான் போகணும் என்றால் ஜாப் ஷீட்டில் இரண்டு வரி எழுதி வாங்குங்கள்: விஹெச்டிஎக்ஸ் நகல் எடுக்காமல் எதையும் ஓட்டக்கூடாது, அன்ரிஜிஸ்டர் செய்யக்கூடாது. கையெழுத்துப் போடத் தயங்கினால் லேப்டாப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.