வீட்டிலிருந்து வேலைக்கு ஆள் எடுக்கும் மலையக அலுவலகங்களின் கவனத்துக்கு

ஹட்டன், கொட்டகலை, பண்டாரவளைப் பக்கம் லண்டன், சிட்னி கணக்கு வேலைகளை வாங்கிச் செய்யும் சின்ன அலுவலகம் வைத்திருப்பவர்கள் இதைப் படியுங்கள். எங்களிடம் முழுநேரச் சம்பளம் வாங்கிய ஒருவர், அதே மணித்தியாலங்களில் லண்டன் நிறுவனம் ஒன்றிலும் வேலையில் இருந்தார். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எங்கள் வேலையை முடித்துக் கொடுக்க மூன்றாவது ஆள் ஒருவரைப் பிடித்து, வாடிக்கையாளரின் கணக்கு மென்பொருளுக்கான லொகினையே அவரிடம் கொடுத்திருந்தார். முன்பின் தெரியாத ஒருவர் வெளிநாட்டுக் கடைக்காரரின் வங்கிக் கூற்றைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வேலை என்பதைவிட இதுதான் பெரிய ஆபத்து.

கடவுச்சொல்லோடு போனில் வரும் குறியீட்டையும் கேட்கும் இரண்டு கட்டப் பாதுகாப்பு இருக்கிறதே என்று நம்பி இருக்காதீர்கள். போனில் 30 வினாடிக்கு ஒருமுறை மாறும் 6 இலக்கக் குறியீடு ஒரு போனோடு கட்டுப்பட்டதல்ல. முதல் தடவை திரையில் வரும் கியூஆர் சதுரத்தை இரண்டு போனில் ஸ்கேன் செய்தால் இரண்டிலும் ஒரே குறியீடுதான் வரும். ஸ்கிரீன்ஷொட் எடுத்து அனுப்பினாலும் போதும். ஆகவே அந்த முதல் பதிவை அலுவலகத்தில், உங்கள் முன்னால் செய்ய வையுங்கள். மென்பொருள் ஏற்றுக்கொள்ளும் இடத்தில் கணினியில் செருகும் யூஎஸ்பி பாதுகாப்புச் சாவி கொடுங்கள், அதைப் படம் பிடித்து அனுப்ப முடியாது. ‘ஸீரோ’ (Xero) போன்ற கணக்கு மென்பொருள்களில் ஒவ்வொரு பதிவுக்கும் யார், எப்போது தொட்டார் என்ற வரலாறு இருக்கிறது. பகல் முழுக்க ஒன்றுமில்லாமல், இரவு 11 மணிக்குமேல் ஒரே மூச்சில் நூறு பதிவு விழுந்தால், பகலில் அந்த ஆள் வேறெங்கோ இருக்கிறார், அல்லது இரவில் இருப்பது வேறு ஆள்.

இனி நம்ம ஊருக்கே உரிய சிக்கல். “கரண்ட் இல்ல சேர்”, “லைன் போச்சு சேர்” என்று வாட்ஸ்அப் வரும். இதைப் பொய் என்று எடுத்த எடுப்பில் சொல்ல முடியாது. ஜூன், ஜூலையில் ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் காற்றும் மழையும் மரத்தைச் சாய்த்து வயரை அறுக்கும். பதுளைப் பக்கம் வருடக் கடைசியில்தான் அந்தக் கஷ்டம். லயத்து வீட்டிலிருந்து வேலை செய்யும் பிள்ளைக்கு சிக்னலுக்காக மேட்டுக்கு ஏற வேண்டிய நிலைமை உண்மையிலேயே இருக்கிறது. அந்தப் பிள்ளையைச் சந்தேகப்பட்டுத் துரத்தினால் நல்ல ஆளை இழப்பீர்கள், ஏமாற்றுபவர் உள்ளேயே இருப்பார்.

உண்மையான மின்வெட்டுக்கு நேரகாலம் கிடையாது. பொய்க்கு உண்டு, அது மற்ற வேலையின் கூட்ட நேரத்தோடு ஒட்டி வரும். ஒருவர் காணாமல் போகும் திகதி, தொடங்கிய நேரம், திரும்பிய நேரம் மூன்றையும் ஒரு தாளில் குறித்து வாருங்கள், ஓரிரு மாதத்துக்கு. லண்டனில் காலை 9.30 கூட்டம் என்றால் கோடையில் நமக்குப் பிற்பகல் 2 மணி. ஒக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரம் மாறியதும் அது 3 மணியாகிவிடும், மார்ச் கடைசி ஞாயிறில் திரும்ப 2 மணி. நியூயோர்க் 9 மணி நமக்கு மாலை 6.30. நவம்பர் முதல் ஞாயிறுக்குப் பிறகு 7.30, மார்ச் இரண்டாம் ஞாயிறில் பழையபடி. சிட்னி எதிர்த்திசை: ஒக்டோபர் முதல் ஞாயிறில் ஒரு மணித்தியாலம் முன்னுக்கு வரும். இலங்கையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. ஒருவர் வீட்டு மின்வெட்டு மட்டும் லண்டன் கடிகாரத்தோடு சேர்ந்து நகர்ந்தால், மின்சார சபையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்தக் கணக்கு கொழும்பு, துபாய், சிங்கப்பூர் வேலைகளுக்கு உதவாது, அங்கேயும் நேரம் மாறுவதில்லை.

மவுஸ் அசைவைப் பார்க்கும் மென்பொருளை விற்க வருபவர்களிடம் காசைக் கொட்டாதீர்கள். மவுஸுக்கு அடியில் சுழலும் சின்னத் தட்டு ஒன்றை வைத்தால் கணினிக்கு அது கை அசைவாகவே தெரியும். நேர்மையான ஆள்தான் அவமானப்படுவார். வேலையைச் சிறு துண்டுகளாகக் கொடுத்து, அன்றன்றைக்கே வாங்கிப் பாருங்கள். வாரம் ஒருமுறை சொல்லாமல் அழைத்து, “இந்த 3 பதிவை ஏன் இப்படிப் போட்டீர்கள்?” என்று திரையைப் பகிர்ந்து விளக்கச் சொல்லுங்கள். தான் செய்யாத வேலையை விளக்குவது யாருக்கும் லேசல்ல.

ஆள் எடுக்கும்போதே செய்யவேண்டியது ஒன்று உண்டு. 2025 ஏப்ரலிலிருந்து மாதம் 150,000 ரூபாய் வரையான சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. இந்தச் சலுகையை ஓரிடத்தில்தான் பெறலாம் என்பதால், இரண்டு இடத்தில் வேலை செய்பவர் எது தன் முதன்மைத் தொழில் என்று ஓரிடத்தில்தான் எழுதிக் கொடுக்கலாம். அந்தப் பிரகடனத்தை முதல் நாளே கையொப்பத்தோடு வாங்குங்கள். இழுத்தடித்தால் ஏன் என்று கேளுங்கள். ஒப்பந்தத்தில் வேலை நேரத்தையும், அந்த நேரத்தில் வேறு வேலை செய்யக்கூடாது என்பதையும், லொகினைப் பிறருக்குக் கொடுத்தால் அது பாரதூரமான ஒழுக்கமீறல் என்பதையும் வெளிப்படையாக எழுதுங்கள். மாலையில் டியூஷன் எடுப்பதையும் தடுக்கும்படி எழுதினால் யாரும் மதிக்கமாட்டார்கள். ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) 12 வீதம், ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம் கட்ட மனமில்லாமல் ‘ஃப்ரீலான்சர்’ என்று எழுதி எடுத்தவர்கள், அவர் வேறு வேலை செய்கிறார் என்று புலம்பவே கூடாது.

பிடிபட்டதும் கோபத்தில் வாட்ஸ்அப்பில் “நாளையிலிருந்து வரவேண்டாம்” என்று அனுப்பிவிடாதீர்கள். அவர் 6 மாதத்துக்குள் வேலைநீக்க முறைப்பாடுகளை விசாரிக்கும் தொழில் நியாய சபைக்குப் போகலாம், அங்கே அந்தச் செய்திதான் முதலில் மேசைக்கு வரும். நேரக் குறிப்பு, மென்பொருள் வரலாறு இரண்டையும் இணைத்து விளக்கம் கோரிக் கடிதம் அனுப்புங்கள், பதில் வந்தபின் விசாரணை வையுங்கள். வேலை செய்த நாட்களின் சம்பளத்தை மறிக்காதீர்கள். அந்த மாத ஈபிஎஃப் பணத்தையும் அடுத்த மாதக் கடைசி வேலைநாளுக்குள் கட்டுங்கள்.

லொகின் மட்டும் கடிதத்துக்குக் காத்திருக்கக் கூடாது. சந்தேகம் உறுதியான அன்றே, முதலில் வாடிக்கையாளர் கணக்குகள், பிறகு கடவுச்சொல் காப்பகம் (கடவுச்சொற்களைச் சேமித்து வைக்கும் மென்பொருள்), கடைசியாக மின்னஞ்சல் என்ற ஒழுங்கில் நிறுத்துங்கள். மின்னஞ்சலை முதலில் மூடினால் அவர் உஷாராகி மற்றவற்றைப் பிரதி எடுத்துவிடுவார். வாடிக்கையாளருக்கும் அன்றே அறிவியுங்கள்.